'பயன்படுத்தப்படும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்: ஃப்ரீலான்சர்களுக்கு வேலை தரும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் வேலையை வெளியாட்களிடம் கொடுத்து வாங்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காக ஒப்பந்தம் தயாரிக்கும் சட்டப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நீங்கள் அனுப்பும் ஒப்பந்தங்களில் ஒரு வாக்கியம் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இந்தப் பணியின்போது உருவாக்கப்படும் அல்லது பயன்படுத்தப்படும் கோடு (மென்பொருள் நிரல்), ஆவணம், கருவி அனைத்தும் உருவான கணத்திலிருந்தே நிறுவனத்துக்கு முழு உரிமையாகும்." இந்த வாக்கியத்தில் எங்களுக்குச் சண்டை ஒரே ஒரு சொல்லோடுதான். "உருவாக்கப்படும்" சரி, அதற்குத்தான் காசு வாங்குகிறோம். "பயன்படுத்தப்படும்" என்ற சொல்லில் இருக்கிறது எல்லா வம்பும்.

வீடு கட்டிக் கொடுத்த கொத்தனாரிடம் சாவியோடு கரணையையும் ரசமட்டத்தையும் சேர்த்துக் கேட்கிற மாதிரி அது. கொடுத்துவிட்டால் அடுத்த வீட்டை அவர் எதை வைத்துக் கட்டுவார்? இன்னொன்றும் உண்டு. நாங்கள் பயன்படுத்துவதில் பெரும்பங்கு எங்களுடையதே கிடையாது. ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள்: யாரும் பயன்படுத்தலாம் என்று பிறர் உரிம நிபந்தனைகளோடு வெளியிட்ட ஆயத்தக் கோடு. எங்களுக்கே சொந்தமில்லாததை உங்களுக்கு எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது. அந்த வாக்கியத்தின் கீழ் ஒருவர் கையெழுத்துப் போட்டால், ஒன்று அவர் படிக்கவில்லை, அல்லது படித்தும் வேலை கைநழுவிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை.

உங்களிடம் உட்கார்ந்து பேசினால், "முழு உரிமை வேண்டும்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று பயங்கள் இருப்பது தெரியவரும். ஆள் பாதியில் போய்விட்டால் வேறொருவரை வைத்து வேலையைத் தொடர முடியுமா? இதையே நம் போட்டியாளருக்கும் விற்றுவிடுவாரா? நாளைக்கு நாமே இதை விற்க நினைத்தால் குறுக்கே வருவாரா? மூன்றும் நியாயமான பயங்கள். மூன்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சட்டம். தமிழில் காப்புரிமை என்ற சொல்லைச் சிலர் காப்பிரைட்டுக்கும் சிலர் பேட்டன்ட்டுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு இருவரும் தலையாட்டுவதும் நடக்கிறது. இங்கே காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றே எழுதுகிறோம். கம்ப்யூட்டர் புரோகிராம்களை இலக்கியப் படைப்புகளாகக் காக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் 1994ஆம் ஆண்டு டிரிப்ஸ் ஒப்பந்தம் தன் 10ஆம் பிரிவில் சொல்கிறது. பதிவு எதுவும் தேவையில்லை. எழுதும்போதே உரிமை பிறக்கிறது, எழுதியவரிடம் பிறக்கிறது.

"காசு கொடுத்தோம், ஆகவே எங்களுடையது" என்ற நம்பிக்கை பல நாடுகளில் செல்லாது. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதினால் எழுத்தில் மாற்றித் தந்தால்தான் மாறும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே வழிதான். அமெரிக்காவில் "கூலிக்குச் செய்த படைப்பு" என்றொரு வகை இருக்கிறது. பலர் அந்தச் சொற்றொடரை எங்கிருந்தோ எடுத்து ஒப்பந்தத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் வெளியாளிடம் சொல்லிச் செய்த வேலை அந்த வகைக்குள் வர, சட்டம் பட்டியலிட்ட 9 இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருள் என்று ஓர் இனம் அந்தப் பட்டியலில் இல்லை. யார் ஊழியர், யார் வெளியாள் என்பதை 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சிற்பத்தைப் பற்றிய வழக்கில் அலசியது. சிற்பத்தைச் சொல்லிச் செய்யவைத்த அமைப்பு காசு கொடுத்திருந்தும், யோசனை சொல்லியிருந்தும், சிற்பி வெளியாளே என்று முடிவானது. ஜெர்மனியில் இன்னும் ஒருபடி மேல்: வாரிசுக்குப் போவதைத் தவிர பதிப்புரிமையைக் கைமாற்றவே முடியாது, பயன்பாட்டு உரிமைகளை மட்டுமே தர முடியும். ஆகவே எந்த நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை ஆளும் என்ற வரி வெறும் சடங்கு வரி இல்லை.

மொட்டையாக "முழு உரிமை" என்று எழுதுவதில் நீங்களே இழப்பதும் உண்டு. இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். "உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதியாகாமல்" என்று மூன்று துணுக்குகளைச் சேர்த்தால் முடிகிற வேலை. சேர்க்காமல் விட்டவர்கள் 6ஆவது ஆண்டில் கம்பெனியை விற்கப்போகும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்பது வாக்குறுதி. "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்பது செயல். அமெரிக்காவில் 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஸ்டான்ஃபோர்டு - ரோச் வழக்கில் (அது பேட்டன்ட் வழக்கு, ஆனால் பாடம் ஒன்றே) ஓர் ஆய்வாளர் பல்கலைக்கழகத்துக்கு முதல் வகையிலும், வெளி நிறுவனம் ஒன்றுக்கு இரண்டாம் வகையிலும் எழுதிக் கொடுத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் தாளில்தான் முந்தைய தேதி இருந்தது. நின்றது இரண்டாவது தாள்.

இனி கோடுக்கு வருவோம். நாங்கள் ஒப்படைக்கும் எந்த ரெப்போவிலும் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் கிடங்கு) நான்கு வகைப் பொருள்கள் கலந்து கிடக்கும். உங்களுக்காகவே எழுதியது: உங்கள் தொழில் விதிகள், திரைகள், டேட்டாபேஸ் அமைப்பு, ரிப்போர்ட்டுகள். எங்களிடம் ஏற்கெனவே இருந்தது: லாகின் மாடியூல், பிடிஎஃப் உருவாக்கும் துணுக்கு, பேமென்ட் இணைப்பு, டிப்ளாய் ஸ்கிரிப்ட். மூன்றாவது ஓப்பன் சோர்ஸ். நான்காவது காசு கொடுத்து வாங்கிய பிறர் பொருள்: ஐகான் தொகுப்பு, எழுத்துரு, தீம், பிளக்-இன், மேப் சேவை. இவற்றில் முதல் வகையை மட்டும்தான் முழுமையாக எழுதிக் கொடுக்க முடியும். கொடுக்கவும் வேண்டும், அதில் எங்களுக்குத் தகராறே இல்லை. மூன்றாவதும் நான்காவதும் அவற்றின் சொந்த உரிமத்தோடுதான் உங்களிடம் வரும். நான்காவதில் ஒரு கண்ணி: பல தீம்களும் எழுத்துருக்களும் "ஒரு தளம், ஒரு வாடிக்கையாளர்" என்ற அளவில்தான் விற்கப்படுகின்றன. எங்கள் கணக்கில் வாங்கினால் அந்த உரிமம் எங்கள் பெயரில் நிற்கும். உங்கள் கணக்கில், உங்கள் பெயரில் வாங்கிக் கொடுங்கள்.

பேரம் நடக்க வேண்டிய இடம் இரண்டாவது வகை. அதற்கு நாங்கள் முன்வைக்கும் வாசகம் இது:

"இணைப்பு 2இல் உள்ள முன்னிருந்த கூறுகள் உருவாக்குநருக்கே சொந்தம். இந்தப் பொருளின் அங்கமாக அவற்றை உலகெங்கும், காலவரையின்றி, திரும்பப் பெற இயலாதபடி, மேற்கொண்டு கட்டணமின்றிப் பயன்படுத்தவும், மாற்றவும், பிறரை வைத்து மாற்றவும், இந்தப் பொருளோடு சேர்த்துக் கைமாற்றவும் நிறுவனத்துக்கு உரிமம் அளிக்கப்படுகிறது. பொருளிலிருந்து பிரித்துத் தனியாக விற்கும் உரிமை இதில் அடங்காது."

ஒவ்வொரு சொல்லும் உங்களுக்காகத்தான் அங்கே நிற்கிறது. "பிறரை வைத்து மாற்றவும்" இல்லாவிட்டால் எங்களுக்குப் பின் வருபவர் அந்த ஃபைலைத் தொடும்போது உங்கள் உரிமை கேள்விக்குள்ளாகும். உங்கள் முதல் பயம் தீர்வது இந்த மூன்று சொற்களில்தான். "திரும்பப் பெற இயலாதபடி" இல்லாவிட்டால் எப்போதோ வரும் ஒரு மனக்கசப்பில் உரிமம் ரத்தாகலாம். "சேர்த்துக் கைமாற்றவும்" இல்லாவிட்டால் நீங்கள் நிறுவனத்தை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்துவார். கடைசி வாக்கியம் மட்டும் எங்களுக்கு.

இணைப்பு 2 என்பது வேலை தொடங்கும் முன் எழுதப்பட வேண்டிய பட்டியல். மாடியூலின் பெயர், பதிப்பு எண், அன்றைய கிட் கமிட்டின் ஹேஷ் (மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவி ஒவ்வொரு பதிவுக்கும் தரும் அடையாள எண்), ஒரு வரி விளக்கம். அரை மணி நேர வேலை. முடிந்தபின் எழுத உட்கார்ந்தால் எல்லாமே முன்பே இருந்தது என்று நாங்கள் சொல்வோம், எதுவுமே இருக்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஹேஷ் இருந்தால் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

ஆனால் எல்லை அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. உங்கள் வேலையின் நடுவே எங்கள் லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்துகிறோம், ஒரு வசதியைக் கூட்டுகிறோம், நேரம் உங்களுடையது. அந்தத் திருத்தம் யாருடையது? நாங்கள் வைத்திருக்கும் சோதனை எளிது: ஃபங்ஷனிலிருந்து (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) உங்கள் தொழிலின் பெயரை நீக்கினாலும் அதற்கு அர்த்தம் இருக்கிறதா? இரண்டு தேதிகளுக்கு இடையே விடுமுறை கழித்து வேலை நாள்களை எண்ணும் ஃபங்ஷன் யாருக்கும் உதவும், லைப்ரரிக்குப் போகும். உங்கள் முகவர்களில் யாருக்கு எந்த அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கணக்கிடும் ஃபங்ஷன் உங்களுடையது; வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. இதைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. லைப்ரரி தனி ரெப்போவில், தனிப் பதிப்பு எண்ணோடு இருந்து, உங்கள் கோடு அதை பேக்கேஜாக இழுத்துக்கொள்ள வேண்டும். காப்பி-பேஸ்ட் செய்து இரண்டையும் பிசைந்துவிட்ட ரெப்போவை எந்த வழக்கறிஞராலும் பிரித்துத் தர முடியாது. எங்களில் சிலர் சோம்பலால் அப்படிச் செய்வது உண்மை, கேட்டு வாங்குங்கள்.

மறுவிற்பனை என்று நீங்கள் ஒரே சொல்லில் சொல்வதற்குள் வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. மென்பொருளைப் பிரதியெடுத்துப் பிறருடைய சர்வரில் நிறுவி விற்பது ஒன்று. உங்கள் சர்வரிலேயே வைத்துச் சந்தா சேவையாகத் தருவது இன்னொன்று. வேறு நிறுவனம் தன் பெயரையும் லோகோவையும் ஒட்டி விற்க அனுமதிப்பது மற்றொன்று. குழுமத்தின் துணை நிறுவனங்கள் பயன்படுத்துவது விற்பனையே இல்லை, ஆனாலும் எழுதப்பட வேண்டியது. கடைசியாக, கோடை மொத்தமாக இன்னொருவருக்கு விற்றுவிட்டு நீங்கள் விலகுவது. எதை நினைத்திருக்கிறீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை முளைக்காது. விலைக்காக மட்டும் கேட்கவில்லை. எந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பது என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது.

நெருங்கிப் பார்ப்போம். உங்கள் அலுவலக உள்பயன்பாட்டுக்கு ஒரு பில்லிங் மென்பொருள். அதில் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் கொண்ட ஒரு லைப்ரரியைச் சேர்க்கிறோம். தவறேதும் இல்லை, உள்ளேயே வைத்துக்கொள்ளும்வரை ஜிபிஎல் உங்களிடம் எதையும் கேட்காது. ஒன்றரை ஆண்டு கழித்து அதையே பிரதியெடுத்துப் பத்து நிறுவனங்களுக்கு விற்கிறீர்கள். அந்தக் கணத்தில் அது விநியோகம். அந்த லைப்ரரியோடு பின்னிப் பிணைந்த முழுப் பொருளின் சோர்ஸ் கோடையும் (நாங்கள் எழுதிய மூல வடிவம்), அதே உரிமத்தில், வாங்குபவருக்குத் தர வேண்டிய கடமை வந்துவிடுகிறது. பத்துப் பேரில் யார் வேண்டுமானாலும் அதை அப்படியே மறுபடி விற்கலாம். சந்தா சேவையாக உங்கள் சர்வரில் ஓடினால் சாதாரண ஜிபிஎல் தொந்தரவு தராது; ஆனால் 2007இல் வந்த ஏஜிபிஎல் 3ஆம் பதிப்பு அந்த இடைவெளியை அடைக்கவே எழுதப்பட்டது, அந்த உரிமத்தில் உள்ள கோடை மாற்றி வலையமைப்பு வழியே பயன்படுத்தக் கொடுத்தாலே அதன் சோர்ஸைத் தர வேண்டும் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. எம்ஐடி, பிஎஸ்டி என்ற வேறு ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் சாது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும். அப்பாச்சி 2.0 கூடுதலாக மாற்றிய ஃபைல்களைக் குறிப்பிடச் சொல்கிறது, நோட்டீஸ் ஃபைல் இருந்தால் அதையும் சுமக்கச் சொல்கிறது. இந்தச் சாதுக்களிலும் கோட்டைவிடுபவர்கள் உண்டு: கோடை ஓடும் வடிவுக்கு மாற்றும் பில்ட் கருவி அதைச் சுருக்கும்போது அறிவிப்பு வரிகளையும் சேர்த்துக் கத்தரித்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆகவே விற்கும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் ஒப்படைப்போடு உரிமப் பட்டியல் ஒன்றைக் கேளுங்கள். எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன்டிஎக்ஸ் வடிவில் கருவிகளே அதை உருவாக்கித் தரும். நேரடியாகச் சேர்த்த லைப்ரரிகள் 30 என்றால், அவை இழுத்துவந்த சங்கிலியையும் சேர்த்துப் பல நூறு வரிகள் வரும், பயந்துவிடாதீர்கள். "உரிமம் தெரியவில்லை" என்று வரும் வரிகளையும், ஜிபிஎல் குடும்ப வரிகளையும் மட்டும் மனிதக் கண்ணால் பாருங்கள். உரிமமே இல்லாமல் இணையத்தில் கிடக்கும் கோடு இலவசக் கோடு அல்ல. உரிமம் இல்லையென்றால் எந்த அனுமதியும் இல்லை என்று பொருள்.

போட்டியாளர் பயத்துக்கு வருவோம். "இதுபோன்ற எதையும் யாருக்கும் எப்போதும் செய்யக் கூடாது" என்ற வரியில் நாங்கள் கையெழுத்திட்டால் எங்கள் தொழிலே நின்றுவிடும். பல இடங்களில் இப்படிப்பட்ட அளவு கடந்த தடையை நீதிமன்றம் ஏற்பதும் கடினம். வேலை செய்யும் வடிவம் குறுகலானது: உங்களுக்காக எழுதிய முதல் வகைக் கோடு யாருக்கும் போகாது, அது உங்கள் சொத்து, அதற்கு மேல், நீங்கள் பெயர் சொல்லும் 5 போட்டியாளர்களுக்கு மட்டும், ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம், இதே காரியம் செய்யும் பொருளைக் கட்ட மாட்டோம். ஏன் 12? ஒரு பொருள் சந்தையில் காலூன்ற அவ்வளவு அவகாசம் போதும் என்பது எங்கள் கணிப்பு. 18 கேட்டால் 18க்கு விலை சொல்வோம். அந்த 12 மாதம் நாங்கள் மறுக்கும் வேலைக்கு ஈடு இருக்க வேண்டும். மொத்தக் கட்டணத்தில் 15 முதல் 25 சதவீதம் கூடுதலாக என்பதில் பேச்சைத் தொடங்குவது நியாயம் என்று கருதுகிறோம்.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் கோபதாபங்கள் இங்கேதான். உங்கள் வேலை 200 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அது 200இல் முடிவதற்குக் காரணம், இதற்குமுன் 300 மணி நேரம் போட்டுச் செய்த லைப்ரரி எங்களிடம் இருப்பதுதான். இரண்டாவது வகையை உரிமமாக எடுத்தால் 200க்கு விலை. அதையும் முழுதாக எழுதிக் கேட்டால் அதை நாங்கள் மறுபடி பயன்படுத்த முடியாது. முதலிலிருந்து வேறு மாதிரி எழுத வேண்டும். அப்போது விலை 500 மணி நேரத்துக்கு. இதைப் பேராசை என்று நினைத்தால் வேறு வழியும் உண்டு: லைப்ரரியைத் தொடாமல் எல்லாவற்றையும் உங்களுக்காகப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். கணக்கு அதே இடத்துக்குத்தான் வரும், நாள்கள் மட்டும் கூடும்.

விற்பனையில் பங்கு தருகிறோம், முன்பணத்தைக் குறையுங்கள் என்று கேட்பவர்களுக்கு: சதவீதப் பங்கு பெரும்பாலும் மனஸ்தாபத்தில் முடிகிறது. எதன் மீது சதவீதம்? விற்ற விலையா, வரியும் திரும்பக் கொடுத்த பணமும் பேமென்ட் கேட்வே கட்டணமும் போன மீதியா, லாபமா? இலவசமாக இன்னொரு பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன கணக்கு? கணக்கைப் பார்க்க எங்களுக்கு என்ன வழி? இவற்றுக்கெல்லாம் பதில் எழுதினால் ஒப்பந்தம் இரு மடங்காகும், ஆண்டுக்கொரு முறை யாராவது கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இவ்வளவு என்று நிலையான தொகை வைப்பது நேர்த்தி. அதைவிட நேர்த்தி, மறுவிற்பனை உரிமைக்கு ஒரே முறை தொகை. அதை இப்போதே தர வேண்டியதில்லை. "24 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இந்தத் தொகையைச் செலுத்தி மறுவிற்பனை உரிமையை எடுத்துக்கொள்ளலாம்" என்று விருப்புரிமையாக எழுதிக்கொள்ளுங்கள். பொருள் ஓடினால் எடுப்பீர்கள், ஓடாவிட்டால் இருவருக்கும் நஷ்டமில்லை.

உரிமை எப்போது கைமாறும் என்ற கேள்வியில் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது இயல்பு. உருவான கணத்திலேயே உங்களுடையது, பணம் மட்டும் 60 நாள் கழித்து என்றால் எங்கள் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. கடைசிப் பைசா வரும்வரை கோடையே காட்ட மாட்டோம் என்றால் உங்களுக்கு மூச்சுமுட்டும். நடுவழி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே கோடு உங்கள் கணக்கில் உள்ள ரெப்போவில் ஏறட்டும், நீங்கள் தினமும் பார்க்கலாம், சோதிக்கலாம். பணம் வரும்வரை உங்களுக்கு இருப்பது சோதனை உரிமம். ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தொகை வந்த நாளில் அந்தக் கட்டத்தின் கோடு, மேற்கொண்டு எந்தக் கையெழுத்தும் இல்லாமல், தானாக உங்களுடையதாகும் என்று எழுதிவிடுவது. நான்கு கட்டமாகப் பிரித்தால் எந்த நேரத்திலும் இருவருக்கும் இருக்கும் ஆபத்து கால்பங்குதான். பதிலுக்கு ஓர் உறுதி தருகிறோம்: பணம் வராவிட்டால் மென்பொருளை முடக்கும் ரகசியக் கண்ணி எதையும் கோடுக்குள் வைக்க மாட்டோம். அப்படி வைப்பது பல நாடுகளில் கணினிக் குற்றம். யாராவது வைத்தால் அவரோடு வேலை செய்யாதீர்கள்.

உரிமைச் சங்கிலி அறுபடும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களில் ஒருவர் வேலை நெருக்கடியில் வேறொருவரிடம் 200 வரி எழுதி வாங்கியிருப்பார். அந்த 200 வரிக்கு உரிமையாளர் அந்த வேறொருவர். எழுத்தில் வாங்காவிட்டால் எங்களிடமே அது இல்லை, உங்களுக்கு எப்படி வரும்? ரெப்போவில் கிட் ஷார்ட்லாக் கட்டளையை ஓட்டினால் கமிட் செய்த பெயர்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்திட்ட தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனத்தை விற்கும்போது வாங்குபவர் கேட்கப்போவதும் இதைத்தான்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய கோடு இன்னொரு சிக்கல். கட்டளை மட்டும் கொடுத்து இயந்திரம் எழுதிய பகுதிக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடு. பிரிட்டனின் சட்டம் கணினி உருவாக்கிய படைப்புக்கு ஏற்பாடு செய்தவரையே ஆசிரியர் என்று வைக்கிறது. எப்படியிருந்தாலும், யாருக்கும் சொந்தமில்லாத பகுதியை "முழு உரிமையோடு" எழுதித் தரும்படி கேட்பதில் பொருளில்லை. எந்தக் கருவியை எந்தப் பகுதியில் பயன்படுத்தினோம் என்ற அறிக்கையைக் கேளுங்கள், உங்கள் ரகசியத் தரவை அந்தக் கருவிகளுக்குள் போடக் கூடாது என்று எழுதுங்கள், அந்தப் பகுதியைப் பதிப்புரிமையால் அல்லாமல் வணிக ரகசியமாகக் காத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டு வரியைப் பற்றிச் சுருக்கமாக. பிறர் உரிமையை மீறினால் வரம்பில்லாத இழப்பீடு என்று ஒற்றை ஆளிடம் எழுதி வாங்குவது வெறும் தாள். அவரிடம் அவ்வளவு பணம் இருக்காது. வாங்கிய கட்டணத்தின் அளவுக்கு வரம்பு, நீங்கள் கொடுத்த படங்களுக்கும் நீங்கள் பின்னால் செய்த மாற்றங்களுக்கும் விலக்கு, இதில் நிற்கலாம். மென்பொருள் வெளியானபின் அதன் ஸ்கிரீன்ஷாட்களை எங்கள் வேலைக்குச் சான்றாகக் காட்டும் அனுமதியையும் ஒரு வரியில் சேருங்கள்.

கடைசியாக ஒப்படைப்பு. உரிமைத் தாள் கையில் இருந்தும் பில்ட் ஆகாத கோடை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? "சோர்ஸ் கோடு" என்றால் என்ன என்பதற்கு ஜிபிஎல் ஒரு நல்ல வரையறை வைத்திருக்கிறது: மாற்றங்கள் செய்ய எந்த வடிவம் உகந்ததோ அந்த வடிவம். அதையே உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் அந்த வரையறைக்குள் வராது. லைப்ரரிகளின் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல்கள், டேட்டாபேஸ் மைக்ரேஷன்கள், பில்ட் ஸ்கிரிப்ட்கள், டெஸ்ட்கள், தேவையான சூழல் மாறிகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் வரும். கிட் வரலாறும் வரும். ஆனால் அதற்குமுன் பழைய கமிட்களில் கடவுச்சொல்லோ வேறு கிளையன்ட்டின் பெயரோ சிக்கியிருக்கிறதா என்று தேடிப்பார்க்க எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள். ஒப்படைத்த அன்றே வெளிச் சேவைகளை அணுக உதவும் எல்லா ஏபிஐ சாவிகளையும் மாற்றுங்கள், எங்களை நம்பினாலும்.

ஏற்புச் சோதனை ஒன்றே போதும்: இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவர், எதுவும் நிறுவாத புதுக் கணினியில், ரீட்மீ என்ற வழிமுறைக் குறிப்பை மட்டும் படித்து ஒரே நாளில் பில்ட் செய்து ஓட்ட வேண்டும். ஓடவில்லையென்றால் கடைசித் தவணையை நிறுத்துங்கள். டொமைன், கிளவுட் கணக்கு, ஆப் ஸ்டோர் கணக்கு மூன்றும் தொடக்கத்திலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும், எங்களுக்கு அணுகல் மட்டும் தாருங்கள். ஆண்ட்ராய்டு ஆப்பின் கையொப்பச் சாவி (அப்டேட் அசல்தான் என்று உறுதிசெய்யும் ஃபைல்) எங்கள் லேப்டாப்பில் மட்டும் இருந்து அது தொலைந்தால், கூகுளின் சாவிப் பராமரிப்பில் சேர்க்காத ஆப்புக்கு அதன்பின் அப்டேட்டே தர முடியாது. பதிப்புரிமை முழுதும் உங்களிடம் இருந்தாலும் அந்த ஒரு ஃபைலுக்கு அது ஈடாகாது.

அடுத்த வேலைக்கு விலை கேட்டு எழுதும்போது, அந்த மின்னஞ்சலிலேயே இவற்றுக்குப் பதில் சேர்த்து அனுப்புங்கள்: உள்பயன்பாட்டுக்கா, விற்கவா, விற்பதென்றால் பிரதியாகவா சந்தாவாகவா? துணை நிறுவனங்கள் பயன்படுத்துமா? எந்தப் போட்டியாளர்கள், எத்தனை மாதம்? எந்த நாட்டுச் சட்டம்? எத்தனை கட்டத்தில் பணம்? நாங்கள் விலையோடு இணைப்பு 2ஐயும் நிரப்பி அனுப்புகிறோம். "பயன்படுத்தப்படும்" என்ற சொல்லை மட்டும் அனுப்பும் முன்பே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பிறருக்காகக் கோடு எழுதிப் பிழைக்கும் ஃப்ரீலான்சர்கள் சிலர்